எதை எடுக்கணும்? கட்டியையா, கர்ப்பப்பையையா? (கொஞ்சம் நீளமான இழை)

"எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க டாக்டர்."

கர்ப்பப்பையில் பெரிய நார்க்கட்டி இருக்குன்னு ஸ்கேனில் தெரிஞ்ச பெண்கள் எங்க ஓ.பி.யில் வந்து உட்கார்ந்ததும் சொல்ற முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். நல்லா கவனிங்க, இதில் ஒரு சொல் குறையுது. எதை எடுக்கணும்? கட்டியையா? கர்ப்பப்பையையா?

தமிழில் அந்த 'எதை'யைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிச்சிடலாம். சொல்றவங்க சொல்லிட்டுப் போயிடுவாங்க, கேட்கிறவங்களும் தலையாட்டிடுவாங்க. ஆனா கல்யாணமாகி நாலு வருஷமா குழந்தைக்குக் காத்திருக்கிற ஒரு பெண்ணுக்கு அந்த விடுபட்ட ஒரு சொல்தான் வாழ்க்கையே.

கட்டியை மட்டும் எடுத்துட்டு கர்ப்பப்பையை விட்டுவைக்கலாம்னு மருத்துவ உலகம் மனசார ஒத்துக்க கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. அதையே வயிற்றை நீளமாகத் திறக்காமல், சின்னத் துளைகள் வழியா செய்யலாம்னு நம்ப இன்னும் ஐம்பது வருஷம். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முன்னாடியே சொல்லிடறேன். நான் எம்.பி.பி.எஸ். முடிச்சு படவேடு, ஆரணி பக்கம் வேலை பார்க்கிற அரசு மருத்துவர். இந்த ஆபரேஷனைச் செய்கிற ஆள் நான் இல்லை. செய்கிற இடத்துக்கு அனுப்பிவைக்கிற ஆள். அனுப்பும்போது எந்த வார்த்தை சொல்லி அனுப்புறோம் என்பதில் எவ்வளவு இருக்குன்னு தினமும் பார்க்கிறதால்தான் இதை எழுதுறேன்.

முதல்ல கட்டி என்னன்னு சுருக்கமா பார்த்துடலாம். கர்ப்பப்பையின் சுவர் முழுக்கத் தசை. அந்தத் தசையில் ஒரு செல் தேவையில்லாமல் பெருகி உருண்டையாகத் திரண்டுக்கிட்டா அதுதான் ஃபைப்ராய்டு, நார்த்திசுக் கட்டி. இது புற்றுநோய் இல்லை. 50 வயசை எட்டுவதற்குள் பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு சின்னதோ பெரிசோ இந்தக் கட்டி வந்திருக்கும்னு 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு சொல்லுது. அதில் பெரும்பாலானவங்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. ஸ்கேன் எடுக்காமலே இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காது.

தொந்தரவு கொடுக்கிற கட்டி வேற ரகம். நம்ம பாட்டிகள் 'பெரும்பாடு'ன்னு சொன்னாங்களே, அந்த அளவுக்கு மாதவிடாய் போகும். ஹீமோகுளோபின் 6, 7-னு இறங்கிடும். தறியில் உட்கார்ந்து மிதிக்க முடியாது, தார் சுத்துற வேலைக்கே மூச்சு வாங்கும். வயிறு நாலு மாச கர்ப்பம் மாதிரி தெரியும். பக்கத்து வீட்டில் "விசேஷமா?"ன்னு கேட்பாங்க. குழந்தை இல்லாத பெண்ணுக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா?

இப்போ வரலாற்றுக்கு வருவோம்.

1844. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர்னு ஒரு ஊர். அங்கே ஜான் அட்லீ, வாஷிங்டன் அட்லீன்னு இரண்டு சகோதரர்கள், இரண்டு பேருமே டாக்டர்கள். ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையின் நார்க்கட்டியை மட்டும் எடுத்தாங்க. அந்தப் பெண் பிழைச்சாங்க. வயிற்றைத் திறந்து கட்டியை மட்டும் எடுத்து வெற்றி கண்ட முதல் ஆபரேஷன்னு இதைத்தான் சொல்றாங்க. ஈதர் மயக்க மருந்து பயன்பாட்டுக்கு வந்தது 1846-ல். அதாவது இது மயக்க மருந்தே இல்லாத காலம். கிருமி என்ற ஒன்று இருக்குன்னு மருத்துவர்கள் கை கழுவ ஆரம்பிக்காத காலமும்கூட.

அதே 1844-ல்தான் நம்ம மதராஸில் அரசு பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கினாங்க. இன்னைக்கு எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனைன்னு சொல்றோமே, அதேதான். அங்கே அப்போ கவலை கட்டி பத்தி இல்லை, பிரசவத்தில் தாய் பிழைப்பாளா என்பதுதான்.

கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன் தொடங்கிய கதை இன்னும் வேடிக்கையானது. 1853-ல் மாசசூசெட்ஸில் வால்டர் பர்ன்ஹாம் என்ற டாக்டர் சினைப்பைக் கட்டின்னு நினைச்சு ஒரு பெண்ணின் வயிற்றைத் திறக்கிறார். நடுவில் அந்தப் பெண் வாந்தி எடுக்க, அந்த அழுத்தத்தில் கட்டிகளோட கர்ப்பப்பை வெளியே வந்துடுது. திரும்ப உள்ளே தள்ள முடியல. வேற வழியில்லாமல் அதையே வெட்டி எடுத்துடறார். பெண் பிழைச்சுக்கிட்டாங்க. வயிற்று வழியா கர்ப்பப்பையை எடுத்து நோயாளி உயிரோட வீட்டுக்குப் போன முதல் சம்பவம் இது. யாரும் திட்டம் போட்டு செய்ததில்லை.

அடுத்த ஐம்பது வருஷத்தில் மயக்க மருந்து வந்தது, கிருமிநாசினி வந்தது, ஆபரேஷன் ஓரளவு பாதுகாப்பானது. ஆனா பாருங்க, பாதுகாப்பானது கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன்தான். கட்டியை மட்டும் எடுப்பது இல்லை.

ஏன்னு யோசிச்சீங்களா? கர்ப்பப்பைக்கு ரத்தம் முக்கியமா இரண்டு பக்கமும் இருக்கிற பெரிய குழாய்கள் வழியா வருது. கர்ப்பப்பையை முழுசா எடுக்கணும்னா அந்தக் குழாய்களைக் கட்டிட்டா வேலை முக்கால்வாசி முடிஞ்சது. கட்டியை மட்டும் எடுக்கணும்னா, ரத்தம் ஓடிக்கிட்டிருக்கிற உயிருள்ள தசையைக் கீறி உள்ளே போகணும். பலாச்சுளைக்குள்ளிருந்து கொட்டையை எடுக்கிற மாதிரி கட்டியை அதன் உறையிலிருந்து உருவணும். அப்புறம் அந்தப் பள்ளத்தை ரத்தம் கசியாமல் தைக்கணும். ரத்த வங்கியே இல்லாத நாளில் இது பெரிய ஆபத்து. அதனால் அன்றைய டாக்டர்கள் கணக்குப் போட்டாங்க: எதுக்கு வம்பு, மொத்தமா எடுத்துடுவோம்.

அந்தக் கணக்கில் தப்பு இல்லை. உயிரைக் காப்பாத்தணும்னு போட்ட கணக்கு. ஆனா ஆபத்தெல்லாம் குறைஞ்ச பிறகும் அந்தக் கணக்கு மட்டும் மாறாமல் பழக்கமா நின்னுடுச்சு. அங்கேதான் பிரச்சினை.

இந்தக் காலத்தில் நம்ம ஊர்ப் பெண்கள் நிலைமை என்ன? கட்டி, ரத்தப்போக்குன்னு ஆண் டாக்டர்கிட்ட காட்டவே மாட்டாங்க. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண், மதராஸில் வக்கீலா இருந்த கணவரோட வந்தவர், இதைப் பார்த்துட்டுத்தான் 1875-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். லண்டன் போய் பட்டம் வாங்கிட்டுத் திரும்பி வந்தார். 1885-ல் கோஷா பெண்களுக்குன்னு தனி மருத்துவமனை தொடங்கினார். திருவல்லிக்கேணி 'கோஷா ஆஸ்பத்திரி'. இப்போ கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் ஆட்டோவில் ஏறி 'கோஷா ஆஸ்பத்திரி'ன்னு சொன்னா கொண்டுபோய் விடுவாங்க.

எங்க பக்கம் அதே காரணத்துக்காக வந்தவர் வேலூரின் ஐடா ஸ்கடர். ஆண் டாக்டர் வேண்டாம்னு சொல்லி ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த கதை இந்த வட்டாரத்தில் தெரியாதவங்க குறைவு. 1918-ல் அவர் பெண்களுக்குன்னே மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சார். இன்னைக்கும் "லேடி டாக்டர் இருக்காங்களா?"ன்னு வாசலில் கேட்டுட்டு, இல்லைன்னா திரும்பிப் போற பெண்கள் இருக்காங்க. கட்டி தேங்காய் அளவு வளர்ற வரைக்கும் வெளியே தெரியாமல் இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கட்டியை மட்டும் எடுக்கணும்னு பிடிவாதமா நின்ன மனிதர் யார்?

விக்டர் பானி. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர். 1872-ல் பிறந்தவர். அவர் மனைவி ஆன்னிக்கு நார்க்கட்டியால் கடுமையான ரத்தப்போக்கு. கல்யாணமாகி சீக்கிரத்திலேயே கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. அவங்களுக்குக் குழந்தை இல்லாமலே போச்சு.

அந்த வீட்டில் என்ன பேசிக்கிட்டாங்கன்னு நமக்குத் தெரியாது. ஆனா பானி அதுக்கப்புறம் என்ன செய்தார் என்பது மருத்துவ வரலாற்றில் இருக்கு. சாதாரணக் கட்டி ஒண்ணுக்காக ஒரு இளம்பெண்ணின் கர்ப்பப்பையை எடுக்கிறது சிகிச்சை இல்லை, அது அறுவை மருத்துவத்தின் தோல்வின்னு வாழ்நாள் முழுக்க வாதாடினார். வாதத்தோட நிற்கல. ரத்தம்தானே பிரச்சினை? கர்ப்பப்பையின் அடிப்பகுதியில் இரண்டு பக்கத்துக் குழாய்களையும் ஆபரேஷன் முடியும் வரைக்கும் மட்டும் இறுக்கிப் பிடிக்க ஒரு இடுக்கி செய்தார். தோட்டத்து வாய்க்காலுக்கு மடை போடுற மாதிரி. வேலை முடிஞ்சதும் மடையைத் திறந்துடலாம். 'பானி கிளாம்ப்'னு அதுக்குப் பேர், இன்னைக்கும் பாடப்புத்தகத்தில் படம் இருக்கும்.

இந்த ஆபரேஷனை அவர் எழுநூறு பேருக்கு மேல் செய்தார். ஒரே ஒரு கர்ப்பப்பையிலிருந்து 225 கட்டிகளை எடுத்திருக்கார். இருநூத்தி இருபத்தஞ்சு! ஒவ்வொண்ணா உருவி எடுத்து, அந்தப் பள்ளங்களைத் தைச்சு, கர்ப்பப்பையை அதன் இடத்திலேயே விட்டுட்டு வந்திருக்கார். அவர் காலத்து சக டாக்டர்கள் பலர் இதைத் தேவையில்லாத சாகசம்னுதான் பார்த்தாங்க. எடுத்துட்டுப் போற வேலைக்கு இவ்வளவு பாடா?

1940-களில் நியூயார்க்கில் ஐசிடோர் ரூபின் இன்னும் எளிமையான வழி காட்டினார். இடுக்கிக்குப் பதிலா கர்ப்பப்பையின் அடியைச் சுத்தி ஒரு ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டுறது. அரசு மருத்துவமனைகளில் சிறுநீர் வடிக்கிற சாதாரண ரப்பர் கதீட்டரை வெச்சே இதைச் செய்வாங்க. சில ரூபாய் பொருள், ஒரு கர்ப்பப்பை மிச்சம். இந்த மாதிரி விஷயங்கள் எனக்கு ரோபோவை விடப் பிடிக்கும், என்ன செய்ய.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷன். அடுத்தது துளையின் கதை.

1901-ல் ஜெர்மனியில் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி, குழாய் விட்டு உள்ளே பார்த்தார். 1910-ல் ஸ்வீடனில் யாக்கோபேயஸ் மனிதர்களிடம் செய்து பார்த்தார். 1940-களில், ஹிட்லரின் படை பிடிச்சு வெச்சிருந்த பாரிஸில், ரவுல் பால்மர் என்ற மருத்துவர் குழந்தையில்லாத பெண்களின் வயிற்றுக்குள் என்ன பிரச்சினைன்னு பார்க்க இதைப் பயன்படுத்தினார். லேப்ராஸ்கோப்பியைப் பெண்கள் மருத்துவத்துக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கு. தேடிப் போனது குழந்தையின்மைக்குக் காரணம் என்பதைக் கவனிச்சு வெச்சுக்குங்க, கொஞ்சம் கழிச்சு இதுக்கு வரணும்.

அதுவரை எட்டிப் பார்க்க மட்டும் இருந்த துளை வழியா ஆபரேஷனே செய்யலாம்னு கிளம்பியவர் ஜெர்மனியில் கீல் நகரத்து கர்ட் செம். இவர் டாக்டர் ஆவதற்கு முன்னாடி கருவிகள் செய்கிற தொழில் கத்துக்கிட்டவர். அதனால் தேவையான கருவியைத் தானே செய்துக்குவார். வயிற்றுக்குள் காற்றை அளந்து அனுப்புற தானியங்கி இயந்திரம், ரத்தத்தை நிறுத்துற சூட்டுக் கருவி, உள்ளேயே முடிச்சுப் போடுற சுருக்குக் கயிறு, எல்லாம் அவர் பட்டறைச் சிந்தனை. 1970-களின் கடைசியில் கர்ப்பப்பையின் வெளிப்பக்கம் இருக்கிற நார்க்கட்டிகளைத் துளை வழியா எடுத்தார். 1980-ல் குடல்வாலையும் அப்படியே எடுத்தார், உலகில் முதல் தடவையா.

பாராட்டினாங்களா? மனுஷனைப் படுத்தி எடுத்தாங்க. ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தின் தலைவர், இவரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கணும்னு கடிதம் எழுதினார். அதுக்கு முன்னாடியே, மூளையில் ஏதாவது கோளாறு இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்ன சகாக்களும் இருந்தாங்க. ஒரு கூட்டத்தில் பேசிக்கிட்டிருக்கும்போதே புரொஜெக்டர் பிளக்கைப் பிடுங்கிட்டாங்களாம். 2003-ல் அவர் இறந்தப்போ, அதே குடல்வால் ஆபரேஷன் உலகம் முழுக்க சர்வசாதாரணம்.

இந்தியாவுக்கு இது எப்படி வந்தது?

மும்பையில் 1972-லேயே லேப்ராஸ்கோப்பை ஆரம்பிச்சவர் டெஹம்டன் உத்வாடியா. 1990-ல் துளை வழியா பித்தப்பையை எடுத்து, வளரும் நாடுகளிலேயே முதல்வர் ஆனார். பணக்கார நாட்டுக் கருவி ஏழை நாட்டுக்கு எதுக்குன்னு கேட்டவங்களுக்கு, சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டியவன் ஏழைதானேன்னு அவர் வாதாடினார். தினக்கூலிக்கு ஒரு மாசம் படுக்கை என்பது ஒரு மாசம் அடுப்பு எரியாததுன்னு நெசவாளர் வீட்டில் பிறந்தவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனா சின்ன ஊர்களின் சாதாரணப் பெண்கள் லேப்ராஸ்கோப்பைச் சந்திச்சது வேற வழியில். கு.க. முகாம்.

நெருக்கடி நிலை காலத்தில் ஆண்களைப் பிடிச்சு அறுவை செய்த கோபம் ஆட்சியையே கவிழ்த்த பிறகு, குடும்பக் கட்டுப்பாடு மொத்தமும் பெண்கள் பக்கம் திரும்பிச்சு. 1970-களின் பிற்பகுதியிலும் 80-களிலும் துளை போட்டு கருக்குழாயில் வளையம் மாட்டுற ஆபரேஷன் முகாம் முகாமா நடந்தது. பாரிஸில் குழந்தையில்லாத பெண்களுக்காகப் பெண்கள் மருத்துவத்துக்குள் வந்த கருவி, இந்தியக் கிராமங்களுக்கு வந்தது குழந்தை போதும்னு நிறுத்துறதுக்காக. அதே குழாய், அதே விளக்கு.

திட்டத்தைக் குறை சொல்லல. விரும்பிச் செய்துக்கிட்டவங்க லட்சக்கணக்கில். ஆனா இலக்கு வெச்சு வேகமா செய்தா என்ன ஆகும் என்பதுக்கு 2014 நவம்பர், சத்தீஸ்கர் பிலாஸ்பூர் சாட்சி. ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் ஒரே டாக்டர் 83 பெண்களுக்குச் செய்தார். 13 பெண்கள் இறந்துபோனாங்க.

சரி, துளை வழியா பெரிய கட்டி. இங்கேதான் விஷயம் கெட்டியாகுது. எலுமிச்சை அளவு கட்டின்னா சரி. 10 செ.மீ., 12 செ.மீ. கட்டியைச் சுண்டுவிரல் அளவு துளையில் எப்படி வெளியே கொண்டு வர்றது? அதுக்கும் முன்னாடி, அது இருந்த பள்ளத்தை எப்படித் தைக்கிறது?

முதல் சவால் தையல். கட்டி எடுத்த இடம் ஒற்றைக் கோடு இல்லை, ஆழமான குழி. அடியிலிருந்து அடுக்கடுக்கா தைச்சு வரணும். மேலாக மட்டும் தைச்சு மூடினா உள்ளே ரத்தம் தேங்கி தசை சரியா ஒட்டாது. பிறகு கர்ப்பம் தரிச்சு, கர்ப்பப்பை விரியும்போது அந்த இடம் பிரியலாம். தாய்க்கும் குழந்தைக்கும் உயிர் ஆபத்து. துளை வழியா நீளமான கருவியைப் பிடிச்சு, டிவி திரையைப் பார்த்துக்கிட்டே இந்தத் தையலைப் போடணும். தறியில் அறுந்த இழையைக் குச்சியால் பிடிச்சு, கண்ணாடியில் பார்த்து முடிய முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க. பட்டு நெய்கிறவங்களுக்கு இந்தக் கஷ்டம் என்னை விட நல்லா புரியும்.

1990-களில், துளை வழியா கட்டி எடுத்த சில பெண்களுக்குப் பிறகு கர்ப்பப்பை பிரிஞ்சதா தகவல்கள் வந்தன. அப்போ பலரும் இது வேண்டாத வேலைன்னு கைவிட நினைச்சாங்க. ஆனா சில குழுக்கள் உட்கார்ந்து கணக்கெடுத்தாங்க. 2000-ல் பாரிஸில் துபுய்சோன் குழு, தாங்கள் ஆபரேஷன் செய்த பெண்களின் பிரசவங்களைப் பார்த்துட்டு, அந்தத் தழும்பு பிரியுற வாய்ப்பு சுமார் 1 சதவீதம்னு சொன்னது. முறையா அடுக்கடுக்கா தைச்சா என்பது இதில் முக்கியம்.

அதே 2000-ல் வந்த இத்தாலி போலோனியா ஆய்வுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்ப முக்கியம். குழந்தையில்லாத 131 பெண்கள். எல்லாருக்கும் குறைஞ்சது 5 செ.மீ.க்குக் குறையாத ஒரு கட்டி. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வயிற்றைத் திறந்தும், பாதிப் பேருக்குத் துளை வழியாவும் கட்டியை எடுத்தாங்க. பிறகு எத்தனை பேர் கர்ப்பமானாங்க? திறந்து செய்ததில் 55.9 சதவீதம், துளையில் 53.6 சதவீதம். கிட்டத்தட்ட சமம். துளையில் செய்தவங்களுக்குக் காய்ச்சல் குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க.

இதை இரண்டு விதமா படிக்கலாம். 'பார்த்தீங்களா, துளையே போதும்'னு ஒரு விதம். 'திறந்து செய்தாலும் குழந்தை பிறக்கிற வாய்ப்பு குறையாது'ன்னு இன்னொரு விதம். எங்க பக்கத்துப் பெண்களுக்கு இரண்டாவதுதான் பெரிய செய்தின்னு நான் நினைக்கிறேன். துளை வழியா பெரிய கட்டி எடுக்கிற கைப்பழக்கம் உள்ள டாக்டர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். திறந்து கட்டியை மட்டும் எடுக்கத் தெரிஞ்ச மகப்பேறு நிபுணர் கிடைப்பார். "தழும்பே தெரியாமல் கர்ப்பப்பை நீக்கம்"னு வர்ற விளம்பரத்தைப் பாருங்க. துளை சின்னதுதான், போனது என்ன? பிகினி லைனில் ஒரு தழும்போட கர்ப்பப்பை பத்திரமா இருக்கிறது எவ்வளவோ மேல்.

இரண்டாவது சவால், கட்டியை வெளியே கொண்டு வர்றது. 1990-களில் இதுக்கு மின்சாரத்தில் சுழலும் கத்திக்குழாய் வந்தது. மார்சலேட்டர்னு பேர். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. கேரட் சீவுற மாதிரி கட்டியை உள்ளேயே நீளநீளமா சீவி, சின்னத் துளை வழியா இழுத்துடலாம். இதுக்கப்புறம் துளை ஆபரேஷன் வேகம் எடுத்தது. இந்தியாவிலும் மும்பையின் ராகேஷ் சின்ஹா குழு மிகப்பெரிய கட்டிகளைத் துளை வழியா எடுத்ததை 2003-ல் சர்வதேச இதழில் எழுதினாங்க.

அப்புறம் 2013. அமெரிக்காவில் ஏமி ரீட், 40 வயசு, தானே ஒரு மயக்க மருந்து மருத்துவர், ஆறு குழந்தைகளின் அம்மா. நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையை இந்தக் கருவியால் சீவி எடுத்தாங்க. பிறகு பரிசோதனையில் தெரிஞ்சது, கட்டிக்குள் அபூர்வமான ஒரு புற்றுநோய் ஒளிஞ்சிருந்தது. சீவினதில் அது வயிறு முழுக்க சிதறிடுச்சு. அவரும் அவர் கணவரும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போட மோதினாங்க. 2014-ல் அந்த அமைப்பு கணக்குப் போட்டுச் சொன்னது: நார்க்கட்டின்னு நினைச்சு ஆபரேஷன் செய்கிற 350 பெண்களில் ஒருத்தருக்கு இப்படி ஒளிஞ்ச புற்றுநோய் இருக்கலாம். அந்த வருஷமே கடுமையான எச்சரிக்கை வந்தது, பெரிய கம்பெனி ஒன்று கருவியையே சந்தையிலிருந்து திரும்ப வாங்கிடுச்சு. ஏமி ரீட் 2017-ல் இறந்துட்டார்.

350-ல் ஒருத்தர் என்ற கணக்கு அதிகம்னு வாதாடுறவங்களும் இருக்காங்க, இளவயசில் இந்த ஆபத்து இன்னும் குறைவு. ஆனாலும் அதுக்கப்புறம் நல்ல மாற்றம் ஒண்ணு வந்தது. கட்டியை ஒரு பைக்குள் போட்டு, பைக்குள்ளேயே துண்டாக்கி எடுக்கிறது. இல்லைன்னா இரண்டு அங்குலம் கீறி அது வழியா எடுக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னாடி "எப்படி வெளியே எடுப்பீங்க, பையில் போட்டுத்தானே?"ன்னு நீங்க கேட்கலாம். டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டா அதுவும் ஒரு தகவல்தான்.

உள் அறைக்குள் நீட்டிக்கிட்டிருக்கிற கட்டிக்கு வயிற்றில் துளைகூட வேண்டாம். 1976-ல் நியூயார்க்கில் நியூவிர்த் காட்டின வழியில், கர்ப்பப்பை வாய் வழியாவே கருவி விட்டுச் சீவி எடுத்துடுவாங்க. 1995-ல் பாரிஸில் ரவினா, கட்டிக்குப் போற ரத்தக்குழாயை அடைச்சுச் சுருங்க வைக்கிற முறையைக் கொண்டு வந்தார், ஆனா குழந்தை வேணும்னு இருக்கிறவங்களுக்கு அதை முதல் தேர்வா சொல்றதில்லை. மாத்திரை பக்கம் யூலிப்ரிஸ்டால் பெரிய நம்பிக்கையா வந்து, கல்லீரல் பாதிப்பால் 2020-ல் ஐரோப்பாவில் கடிவாளம் விழுந்தது.

இப்போ திரும்பவும் அந்த 'எதை'க்கு வரேன், ஏன்னா இந்தியாவில் கதை இன்னும் முடியல.

2015-16 தேசிய குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயசுப் பெண்களிடம் முதல் முறையா கேட்டாங்க, கர்ப்பப்பையை எடுத்தாச்சான்னு. நாடு முழுக்க சுமார் 3 சதவீதம். ஆந்திராவில் கிட்டத்தட்ட 9 சதவீதம். 2019-ல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் செய்தியில் அடிபட்டது. கரும்பு வெட்டப் போற பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவங்களுக்குக் கர்ப்பப்பை இல்லைன்னு அரசு கணக்கெடுப்பிலேயே வந்தது. மாதவிடாய்னு ஒரு நாள் நின்னா கூலி போகும், அபராதம் வேற. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கிற வழிமுறைகளை மூணு மாசத்தில் எல்லா மாநிலமும் நடைமுறைப்படுத்தணும்னு உத்தரவு போட்டது.

எல்லாக் கர்ப்பப்பை நீக்கமும் தப்புன்னு சொல்ல வரல. 46 வயசு, குடும்பம் முடிஞ்சது, ரத்தம் ஏத்தி ஏத்தி வாழ்ற பெண்ணுக்கு அது விடுதலை. அவங்களே வேணும்னு கேட்பாங்க, கேட்கட்டும். எனக்கு உறுத்துறது, 30 வயசுப் பெண்ணுக்கும் அதே பதிலை அதே வேகத்தில் சொல்றது. "ரெண்டு பெத்தாச்சு, இனிமே எதுக்கு?" என்ற வாதம் இருக்கே, அதை டாக்டரை விட மாமியார் வேகமா சொல்வாங்க. இவ்வளவுக்கும் சினைப்பையை விட்டுவெச்சாக்கூட, கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு மாதவிடாய் நிற்கிற வயசின் தொந்தரவுகள் கொஞ்சம் முன்னாடியே வரலாம்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். கட்டி இருக்குன்னதும் 'அதனாலதான் குழந்தை இல்லை'ன்னு உடனே ஆபரேஷனுக்கு ஓடாதீங்க. உள் அறையை நெருக்குற கட்டி கர்ப்பத்துக்குத் தடை. வெளிப்பக்கம் தொங்குற சின்னக் கட்டி பெரும்பாலும் தடை இல்லை. கணவருக்கு விந்து பரிசோதனை செய்யாமலே மனைவிக்கு ஆபரேஷன் தேதி குறிக்கிறது எந்த ஊர் நியாயம்? படவேடு ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கிட்டு ஆடி வெள்ளிக்கு வந்து நிற்கிற தம்பதிகளில், பரிசோதனைக்கு மட்டும் ஏன் பெண் தனியா வர்றாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

எங்க பக்கம் என்ன வழின்னு கேட்டா: ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டியின் அளவோட இடமும் எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா திரும்பக் கேளுங்க. ரத்தம் குறைவா இருந்தா அதை ஏத்துறது முதல் வேலை, அதுக்கு இரும்புச்சத்து ஊசியே போதும் பல பேருக்கு. ரத்தம் 10-க்கு மேல் வந்தா எந்த ஆபரேஷனும் பாதி ஆபத்து குறைஞ்ச ஆபரேஷன். அப்புறம் அடுக்கம்பாறையில் இருக்கிற வேலூர் அரசு மருத்துவக் கல்லூரியோ, திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரியோ, எது கிட்டன்னு பார்த்துப் போங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. அங்கே போய்ச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வீட்டிலேயே மனப்பாடம் பண்ணிக்குங்க: "எனக்குக் குழந்தை வேணும். கட்டியை மட்டும் எடுக்க முடியுமா?" ஒருத்தர் முடியாதுன்னா ஏன்னு கேளுங்க, இன்னொருத்தரிடமும் காட்டுங்க. இது புற்றுநோய் மாதிரி நாளைக்கே முடிவெடுக்கிற அவசரம் இல்லை.

ஒரு உண்மையையும் மறைக்கக் கூடாது. கட்டியை மட்டும் எடுத்தா சில வருஷத்தில் புதுசா வரலாம். ஆபரேஷன் நடுவில் ரத்தம் கட்டுக்கடங்காமல் போனா, உயிரைக் காப்பாத்தக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம், அது அபூர்வம். அந்தக் கையெழுத்தை முன்கூட்டியே வாங்குவாங்க, பயந்துடாதீங்க.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வரும்போது தருகிற டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு விஷயம் எழுதி வாங்குங்க: எவ்வளவு ஆழம் கீறினாங்க, உள் அறை திறந்துச்சா இல்லையா. எப்போ கர்ப்பம் தரிக்கலாம் என்பது அதைப் பொறுத்து மாறும், வழக்கமா மூணு முதல் ஆறு மாசம் பொறுக்கச் சொல்வாங்க. கர்ப்பமானதும் பிக்மி எண் வாங்கப் போற அன்னைக்கே அந்தச் சீட்டை நர்ஸிடம் காட்டிடுங்க. சுகப்பிரசவமா சிசேரியனா, எந்த ஆஸ்பத்திரியில் என்பதை அவங்க முடிவு பண்றது அந்த இரண்டு வரியை வெச்சுத்தான்.